பின்னால் கேட்ட குரல்

கணக்கியல் படிக்கும் எனக்கு மொழியியல் துணைப்பாடம். அதை முடிக்க ஓர் ஒலிப்பதிவுதான் பாக்கி. வீட்டில் ஒருவரைச் சும்மா பேசவிட்டு, அதில் கேட்பதையெல்லாம் எழுதித் தர வேண்டும். இருமலைக்கூட விடக் கூடாதாம். என்ன பிடிவாதமோ!

அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச, நான் பதிவு செய்தேன். அப்பாவிடம் கேட்க வழியில்லை. எங்கள் கடையைப் பார்த்துக்கொள்ளாமல் படிக்கக் கிளம்பிய நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை.

விடுதி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். "சளி போயிடுச்சா?" என்று அம்மா கேட்பதற்கு முன்னால் ஏதோ ஒரு முணுமுணுப்பு. பேசும்போது அது என் காதில் விழவே இல்லை. விடக் கூடாதே என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"சளி போயிடுச்சான்னு கேளு." அப்பா!

மேலே ஓட்டினேன். "ரூம்ல காத்து வருதான்னு கேளு." "எப்ப வர்றாளாம்?" எல்லாவற்றையும் அம்மா தன் கேள்வி போலவே கேட்டிருக்கிறாள். கடைசியில், "நான் கேட்டேன்னு சொல்லித் தொலைச்சிடாத."

ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஆசிரியை, "போதும்மா, பாடம் முடிஞ்சுது" என்றார்.

அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ரெக்கார்டிங் பத்தலையாம்மா. வாராவாரம் பேசி அனுப்பணுமாம். போனை மட்டும் அன்னைக்கு வச்ச இடத்துலயே வை."