நரம்பு வராத கிழங்கு

நுனியைக் கிள்ளி இழுத்தால் நடுநரம்பு வெள்ளை நூலாக உருவிக்கொண்டு வரவேண்டும், தண்ணீர்விட்டான் கிழங்குக்கு அதுதான் அடையாளம், அந்த ஒன்றில் மட்டும் வரவில்லை, துளசிமணி அதையும் நறுக்கி மற்றதோடு முறத்தில் போட்டாள், உள்ளேயே அறுந்திருக்கும் என்று நினைத்தாளா, ஒன்றும் நினைக்காமலே போட்டாளா, ஐந்து நாளாக அதே கேள்விதான் மனசைக் குடைகிறது, மாடி நிழலில் எல்லாத் துண்டும் சுருங்கி ஒரே நிறமாகக் கிடக்கிறது, எது அது என்று ஆண்டவனே வந்தாலும் இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

வேலியில் தண்ணீர்விட்டானும் கண்வலிக் கொடியும் பின்னிக்கொண்டுதான் கிடக்கும், நரம்பே இல்லாத கண்வலிக் கிழங்கு ஆளைக் கொல்லும் என்று அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாதா, இத்தனை வருஷம் தோண்டியவளுக்கு, அன்றைக்குக் கை மண்ணில் இருந்தது, மனசு தங்கை வீட்டுத் தொட்டிலடியில் நின்றது, பிரேமாவின் குழந்தையைத் தொட்டிலில் போடும் நாள், பெரியம்மா தூக்கட்டும் என்று யாரோ சொல்ல, இவள் கையை நீட்ட, பிரேமாவின் மாமியார் குறுக்கே வந்து, நீ கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு, புள்ள பெத்தவங்க மொதல்ல தூக்கட்டும் என்கிறாள், நீட்டிய கை அப்படியே நிற்கிறது, பிரேமா தலையைக் குனிந்துகொள்கிறாள், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம், மறுநாளே பால் ஊறக் கெழங்கு வேணும்க்கா என்று போனில் கேட்டவளும் அவள்தான், வயிறு எரிந்தது, எரியாமல் என்ன செய்யும், எரிந்துகொண்டேதான் தோண்டினாள்.

போன் அடிக்கிறது, பிரேமாதான், காஞ்சிருச்சாக்கா, பாப்பா பால் பத்தாம கத்தறா, அவரை அனுப்பட்டுமா. அனுப்பாத, டாக்டரம்மா சொன்ன பால் பவுடரையே குடு, இது வேண்டாம் சாமி, எனக்குச் சந்தேகமா இருக்குது. கெழங்கு மேலயாக்கா. துளசிமணி சொன்னாள், இல்ல, எம்மேல. அந்தப் பக்கம் குழந்தை அழுகிறது, அந்த அழுகைக்கு நடுவே பிரேமா, அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கோணும்க்கா என்றாள்.

துளசிமணி முறத்தோடு கீழே இறங்கி, ஆடு மாடு கிளறாத ஆழத்துக்குக் குழி வெட்டி, அழுதபடியே அத்தனையையும் கொட்டினாள், நல்ல கிழங்கெல்லாம் போயிற்று, கெட்டது ஒன்று இருந்ததோ, அதுவும் இல்லையோ, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, அவளுக்கும்கூட.