கிலோ வெட்டின பாட்டுக்காரன்

எங்கள் ராக் இசைக்குழுவுக்குப் பெயர் மடுவம். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையின் பெயரை வைத்தவன் நிரஞ்சன். பாடகனும் அவன்தான். கண்ட்ரி கிட்டாரையும் பாப் மெட்டையும் தப்பு மேளத்தோடு கலந்து அவன் பாடினால், பேஸ் கிட்டார் வாசிக்கிற எனக்கே கை நின்றுபோகும். மெரினா யாரையும் லேசில் புகழமாட்டாள் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எனக்குப் பெயர். அவனை மட்டும் மனசாரப் புகழ்வேன்.

ஒரே தொல்லை, அவன் நடிகன். திங்கட்கிழமை தொலைக்காட்சி நாடகத்தில், ஏழைப் பெண்களின் கொழுந்தை எடை குறைத்து எழுதிக் கிலோ வெட்டுகிற கணக்கப்பிள்ளை அவன்தான். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். அவ்வளவு நன்றாக நடித்துத் தொலைத்திருந்தான்.

கொட்டகலைக்குப் பக்கத்தில், நாங்கள் இருவரும் பிறந்த தோட்டத்து மைதானத்தில் கச்சேரி வைத்தோம். கொழும்பில் எத்தனை மேடை ஏறினாலும் இங்கே பாட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. கொழுந்தெடுக்கும் பெண்களுக்காகவே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தான்.

முதல் கம்பியைத் தொட்டதும் முன்வரிசையில் எங்கள் லயத்து லெட்சுமியக்கா எழுந்தார். பின்னாலேயே எல்லாப் பெண்களும் எழுந்துவிட்டார்கள்.

"ராசம்மா கொழுந்துல கிலோ வெட்டுனியே, அதுக்குப் பதில் சொல்லிட்டுப் பாடு. இல்லாட்டி நாங்க போறோம்."

ராசம்மா அந்த நாடகத்தில் வருகிற பெண். டிரம்ஸ் அடிக்கும் ஜெனுஷன் சிரித்துவிட்டான். எனக்கு அவன் மேல் எரிச்சல் வந்தது. இவர்கள் போய்விட்டால் அந்தப் பாட்டை யாருக்குப் பாடுவது?

"அக்கா, அது நாடகம்" என்று சொல்ல மைக்கைப் பிடித்தேன். நிரஞ்சன் என்னைத் தடுத்தான். கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி அவர் முன்னால் போய் நின்றான்.

"நான் செஞ்சது தப்புங்கக்கா. மழையில நனைஞ்சு எடுத்த கொழுந்துல கை வச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

குரலில் துளிக்கூடக் கேலி இல்லை. அவனுடைய அம்மாவும் இதே மலையில் கூடை சுமந்தவர், கிலோ வெட்டுப்பட்டு அழுதவர். அவரிடம் எந்தக் கணக்கப்பிள்ளையும் இப்படி வந்து நின்றதில்லை.

லெட்சுமியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி, பாடு."

பாடினான். அப்படி அவன் பாடி நான் கேட்டதே இல்லை. தப்புச் சத்தத்துக்கு முன்வரிசை முழுக்க எழுந்து ஆடியது.

திங்கட்கிழமை லெட்சுமியக்கா வீட்டில் நாடகம் பார்த்தோம். நிரஞ்சன் கொஞ்சமும் கூசாமல் மறுபடி கிலோ வெட்டினான். நான் பயந்துபோய் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"இது முன்னாலயே புடிச்ச படம்மா" என்றார் அவர். "அந்தப் புள்ள இப்ப திருந்திருச்சு."