துரை திருப்பிச் சொல்ல வேண்டிய சொல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விதிமுறைத் தாளிலிருந்து வந்தது. கூலாய் ஊரில் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, யாரோ விட்டுப்போன பழைய விமானக் கையேட்டைப் புரட்டினேன். சிறிய விமானத்தின் விசிறியைக் கையால் சுற்றிக் கிளப்புவது எப்படி என்று அதில் இருந்தது. விசிறியருகே நிற்பவர் 'சுவிட்ச் ஆஃப்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் சுவிட்சைப் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை விசிறியைத் தொடக்கூடாது.

பல்வலி மறந்துபோயிற்று. 1934இல், மலாயாவின் ஜொகூரில், வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டம் ஒன்றில், விசிறியருகே யார் நின்றிருப்பார், உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்? தொழிலாளி சொல்ல, துரை கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும்!

2

"பாலோ ஊருக்கு அப்பால், பனி விலகாத ரப்பர் மரங்களுக்கிடையே…"

வேண்டாம். பனியில் நனைந்த ரப்பர் மரங்களோடு தொடங்கிய கதைகளை ஒரு லாரியில் ஏற்றலாம்.

"செல்லப்பன் தன் வலது கையை ஒருமுறை…"

இதுவும் வேண்டாம். கையில் தொடங்கினால், கை போகப்போகிறது என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். நேராகவே சொல்கிறேன்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தோட்டத்துப் பந்துத் திடலில் துரையின் புது விமானம் நிற்கிறது. பார்க்க வந்த வெள்ளைக்கார விருந்தினர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். செல்லப்பன் தோட்டத்து ஆலையில் எஞ்சின் ஓட்டுபவன். சிங்கப்பூர் மெக்கானிக் இரண்டு நாள் தங்கி, தானே உள்ளே உட்கார்ந்து பதில் சொல்லி, அவனைப் பழக்கிவிட்டுப் போயிருந்தார். சுவிட்ச் போட்டிருக்கும்போது விசிறியை அசைத்தால் எஞ்சின் சட்டென்று பற்றிக்கொள்ளும், கை போய்விடும் என்று மூன்று முறை சொல்லியிருந்தார்.

செல்லப்பன் சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்தான். துண்டை எடுத்துத் தூர வைத்தான்.

(துரை முன்னால் தோளில் துண்டு கிடக்கக்கூடாது என்பது தோட்டத்து மரியாதை. விசிறி முன்னால் கிடக்கக்கூடாது என்பது கையேட்டு விதி. இரண்டும் ஒத்துப்போன இடம் இது ஒன்றுதான்.)

"சுவிட்ச் ஆஃப்" என்றான்.

விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த துரை விருந்தினர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்று என்பதுபோல் கையை மட்டும் ஆட்டினார். செல்லப்பன் அசையவில்லை.

4

இதுவரை படித்த நண்பன் ஜெயபாலன் உதட்டைப் பிதுக்கினான்.

"அந்தக் காலத்துல தொரைகிட்ட இப்படி நிப்பானா? நம்ப முடியல லா. உன் தைரியத்த அவனுக்குக் குடுக்கிற."

அரை நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு தெளிந்தது. ஜெயபாலன் செல்லப்பனைத் தப்பாகப் புரிந்துகொண்டான். செல்லப்பன் துரையை எதிர்க்கவில்லை. துரையைவிட விசிறிக்கு அதிகம் பயப்படுகிறான், அவ்வளவுதான். வேலை போனால் யோங் பெங் பக்கம் வேறு தோட்டம் தேடலாம். கை போனால் எந்தத் தோட்டத்தில் போய்த் தேடுவது? லயத்து வரிசை வீட்டில் மனைவி அங்கம்மாவுக்கு வயிற்றில் எட்டு மாதம்.

5

கங்காணி காளியப்பன் ஓடிவந்தார்.

"டேய், தொரை பேசாம இருந்தா சரின்னுதான் அர்த்தம். சுத்துடா."

"வாயால சொல்லட்டும் கங்காணியாரே."

"தொரைக்கே உத்தரவு போடுறியா நீ?"

"சொல்லணும்னா அவரு சுவிட்ச பாப்பாரு. அதுக்குத்தான்."

செல்லப்பன் இரண்டு அடி பின்வாங்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மறுபடி சொன்னான்: "சுவிட்ச் ஆஃப்."

விருந்தினர் எல்லோரும் துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். துரையின் முகம் சிவந்தது. எரிச்சலோடு குனிந்தார்.

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அது சுவிட்ச் அணைந்த சத்தம். விமானத்துக்கு அருகில் நின்ற செல்லப்பனுக்கு மட்டும் கேட்டது. இத்தனை நேரமும் அது போட்டபடியே இருந்திருக்கிறது. துரை நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிவப்பு இல்லை.

"ஆஃப்" என்றார் மெல்ல.

அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. செல்லப்பன் நாலு சுற்று சுற்றி, இனி சுவிட்சைப் போடலாம் என்பதற்கு அடையாளமாக, "காண்டாக்ட்" என்றான். துரை உடனே, உரக்க, "காண்டாக்ட்" என்றார். இன்னொரு சுற்றில் எஞ்சின் பிடித்தது. கிளம்புமுன் அவர் கங்காணியை அழைத்துக் காதில் ஏதோ சொன்னார்.

"நாளைக்குக் காலையில உன்ன ஆபீசுக்கு வரச் சொன்னாரு" என்றார் காளியப்பன். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

6

திங்கட்கிழமைக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றில் துரை நன்றி சொல்கிறார். மற்றொன்றில், தன் தவறுக்குச் சாட்சியாக நின்றவனைத் தினமும் பார்க்கச் சகிக்காமல் லயத்தைக் காலி செய்யச் சொல்கிறார். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை எழுத எனக்கு மனமில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வேலையைப் பறித்தாலும் பறியுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் சாமான் கட்டுவதானால் செல்லப்பன் இரண்டு கையாலும் கட்ட வேண்டும். பிள்ளை பிறந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை மட்டும் மாற்ற உங்களை விடமாட்டேன்.