யோலாண்டாவின் பக்கத்து நாற்காலி

இந்தத் தேர்வை எழுதியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடுத்தவருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்க, வரித்துறை தரும் ஓர் எண் கையில் இருந்தால் போதும். இருந்தும் நானும் என் தோழி கொலெட்டும் வருடா வருடம் படித்தோம்; தேர்ச்சி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். நூறு கேள்வி, மூன்று மணி நேரம், எழுபது சரியாக இருந்தால் தேர்ச்சி. தேறியவர்களுக்கு முக்கியமான சலுகை ஒன்று உண்டு. நம்மிடம் படிவம் போட்டவரை வரித்துறை விசாரணைக்குக் கூப்பிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகப் பேசலாம். அதுவும் நாமே கையெழுத்துப் போட்ட படிவமாக இருந்தால்தான்.

எங்கள் அலுவலகம் ஆஷ்டபுலா என்கிற ஊரில், சலவைக் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் இருக்கிறது. முதலாளி நார்பர்ட்டுக்கு இந்தத் தேர்வு வெட்டி வேலை. "இத எழுதுனா கூடுதலா ஒருத்தனாவது வருவானா? ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள எல்லாத்தையும் அனுப்புற வழியப் பாருங்க" என்பார். நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த அக்டோபரில் யோலாண்டா சக்ஸ் வரித்துறையின் கடிதம் ஒன்றோடு வந்தாள். அவள் படிவத்தை நிரப்பியது நான்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். தங்கை இறந்த பிறகு தங்கையின் இரண்டு பெண்களையும் தானே வளர்க்கிறாள். அந்தப் பிள்ளைகள் உன் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று நேரில் வந்து நிரூபி என்றது கடிதம். அதுவரை, பிள்ளைகளைக் காட்டிக் கேட்ட வரி ரீஃபண்ட் கிடையாது. ஜனவரியில் விசாரணை.

"அதிகாரிங்க முன்னாடி உக்காந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும் மிஸ் வெர்னா. எம்பேரே மறந்து போயிரும். புள்ளைங்க பொய்க்கணக்குன்னு எழுதிட்டாங்கன்னா?"

"நான் வர்றேன். உங்க பக்கத்துலயே உக்காந்திருப்பேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. டிசம்பருக்குள் நான் தேறியாக வேண்டும். அந்த வருடம் அவளுக்காகத்தான் படித்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

கொலெட் வாஸ்கோ எனக்கு எதிர் மேசை. பன்னிரண்டு வருடப் பழக்கம். அவள் விவாகரத்துக்கு நீதிமன்றம் போனபோது நான்தான் கூடப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டூனா சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே அவளுக்குக் கேள்வி போடுவேன்.

"வண்டி நாப்பது சதவீதம் தொழிலுக்கு ஓடுது, மிச்சம் வீட்டு வேலைக்கு. ரிப்பேர் செலவுல எவ்வளவு கழிக்கலாம்?"

"முழுசையும்."

"நல்லாயிருக்கு. ஒன்னைய நம்பி வர்றவன் ஜெயிலுக்குத்தான்டி போவான்."

"வெர்னா, நீ இவ்வளவு படிச்சு என்ன பண்ணப்போற? ஒன் புருஷன் ஹாவர்டுக்கு நீ வீட்டுல தெனம் நடத்துற பரீட்சையில அவன் என்னிக்காவது எழுபது வாங்கியிருக்கானா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். டிசம்பர் இரண்டாம் வாரம் எழுதினோம். எனக்குத் தொண்ணூற்றொன்று, அவளுக்கு எழுபத்து நான்கு. "நீ இல்லன்னா நான் தேறியே இருக்க மாட்டேன்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

ஜனவரியில், யோலாண்டாவுக்காக நான் பேசுவேன் என்கிற அனுமதித் தாளை அனுப்பினேன். இரண்டாம் நாள் அதிகாரி ஃபோன் செய்தார். தன்மையான மனிதர்.

"மேடம், இந்தப் படிவத்துல கையெழுத்து உங்களோடது இல்லையே. கொலெட் வாஸ்கோன்னுல்ல இருக்கு."

ஏதோ தவறு என்று சொல்லி ஃபோனை வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் நான் நிரப்புவேன், வந்தவருக்கு நகல் எடுத்துக் கொடுப்பேன். கொலெட் கடைசியாக ஒருமுறை சரிபார்த்து அனுப்புவாள். கணினியைத் திறந்தேன். யோலாண்டாவிடம் இருந்த நகலில் என் பெயர். வரித்துறைக்குப் போனதில் கொலெட்டின் பெயர், கொலெட்டின் எண். அடுத்ததைத் திறந்தேன், அதுவும் அப்படியே. என்னுடைய படிவங்கள் நாற்பத்தொன்று அவள் பெயரில் போயிருந்தன.

எதற்கு என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. யார் கையெழுத்தில் அதிகப் படிவம் போகிறதோ அவருக்குத்தான் பக்கத்து ஊர் பெயின்ஸ்வில்லில் திறக்கப்போகும் புதுக் கிளை என்று போன வருடத் தொடக்கத்திலேயே நார்பர்ட் சொல்லியிருந்தார். கிளை கொலெட்டுக்குப் போயிற்று. முதலில் கைகுலுக்கி வாழ்த்திய மடச்சி நான்.

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினேன். "இது என்னடி?"

"எப்பப் பாத்த?" என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒனக்கு ஹாவர்ட் பென்ஷன் வருது. ரெண்டு வருஷத்துல நீ வீட்டுக்குப் போயிருவ. எனக்கு யாரு இருக்கா சொல்லு. படிவம் எல்லாம் ஒழுங்காத்தான போச்சு? யாருக்கு என்ன நட்டம்?"

"யோலாண்டாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவ பக்கத்துல யாரு உக்காருவா?"

"நான் போறேன்." திரையை என் பக்கமே திருப்பி வைத்துவிட்டுச் சொன்னாள்: "விதிப்படி நான்தான போக முடியும்."

அந்த விதியை அவளுக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் வந்தது. நார்பர்ட்டிடம் போவதா, வரித்துறைக்கே எழுதிப் போடுவதா என்று அன்று முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தேன். ஆனால் கையெழுத்தே பொய் என்று நான் வாயைத் திறந்தால், ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிற யோலாண்டாவின் படிவத்தை அவர்கள் இன்னும் கிண்டுவார்கள். கொலெட்டும் போக முடியாது. அந்தப் பெண் தனியாகப் போய் ஊமையாக உட்கார்ந்திருப்பாள்.

ஆகவே மூன்று நாள் கொலெட்டுக்கு மறுபடியும் பாடம் எடுத்தேன். பள்ளிக்கூடக் கடிதம், தடுப்பூசி அட்டை, வாடகை வீட்டின் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த தாள், எதை முதலில் காட்ட வேண்டும், எதைக் கேட்டால் மட்டும் காட்ட வேண்டும், எல்லாம். அவள் ஒழுங்காகக் குறித்துக்கொண்டாள். யோலாண்டாவை ஃபோனில் கூப்பிட இரண்டு முறை எண்களை அழுத்தி இரண்டு முறையும் வைத்துவிட்டேன். என்ன காரணம் சொல்வது?

விசாரணை நன்றாகவே முடிந்தது. ஒரு மாதத்தில் முடிவு எழுத்தில் வரும் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை யோலாண்டா சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பை என்கிற இனிப்புப் பண்டம் ஒன்றைச் சுட்டு எடுத்துவந்தாள். அதை நேராகக் கொலெட்டின் மேசையில் வைத்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"இவங்க பேசுன பேச்சு இருக்கே. எம் புள்ளைங்க தடுப்பூசி போட்ட தேதி மொதக்கொண்டு சொல்றாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் குரல் தணிந்துவிட்டது. "வர்றேன்னு சொன்னீங்களே மிஸ் வெர்னா. உள்ள கூப்புடுற வரைக்கும் வாசலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு ஃபோனாவது பண்ணியிருக்கலாம்."

நான் வாய் திறப்பதற்குள் கொலெட் சொன்னாள்: "அவளுக்கு நேத்து ஒடம்பு முடியல."

யோலாண்டா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். விசாரணையின் முடிவு இன்னும் எழுத்தில் வரவில்லை.

"ஆமா. காய்ச்சல்" என்றேன்.

"பரவால்ல, ஒடம்பப் பாத்துக்கோங்க. அடுத்த வருஷம் நான் பெயின்ஸ்வில்லுக்கே போயிர்றேன், மிஸ் கொலெட்கிட்ட. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்ன இருக்கு" என்றேன்.

கொலெட் அந்த இனிப்பில் ஒரு துண்டு வெட்டிக் காகிதத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். யோலாண்டா பார்த்துக்கொண்டிருந்ததால் எடுத்துச் சாப்பிட்டேன்.