அடங்காத கட்டம்

சூரிய மின்சாரத் திட்ட அறிக்கையை அவள் மூன்று முறை புரட்டிவிட்டாள். வீட்டு எண் இருந்தது. விளக்கு, விசிறி, மோட்டார், மாதம் எத்தனை யூனிட், எல்லாம் அவள் எழுதிக்கொடுத்தபடியே இருந்தன. கடைசிக் கட்டத்தை மட்டும் காணோம். 'எத்தனை மணிக்கு?' என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டு அவள் நிரப்பிய கட்டம்.

மின்சார அலுவலகத்தில் அவள் தற்காலிகக் கணக்கெடுப்பாளர். நாலு மாதம், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடு, இரண்டு ஜோடிச் செருப்பு. தையல் மெஷினை எத்தனை மணிக்குப் போடுவீர்கள், மாவு மில் எத்தனை மணிக்கு ஓடும் என்று கேட்டுக் கேட்டு, ஊரில் 'எத்தனை மணி அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. "என்னக்கா, வீட்டுக்கு வீடு பஸ் விடப் போறீங்களா?" என்று தையல்காரர் கிண்டல் செய்தார். அவளும் சிரித்துக்கொண்டே எழுதினாள். பகலில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், நடந்து போய்க் கேட்டால் போதும்.

அந்த வேலையில் அவள் ஓடிப்போய்ச் சேர்ந்ததே அண்ணனுக்காகத்தான். இருபது வருஷம் கல்லுடைக்கும் ஆலையில் தூசியைத் தின்றவர். பகலை எப்படியோ ஓட்டிவிடுவார். பொழுது சாய்ந்தால் மூச்சு இழுக்கும், ஆக்சிஜன் மெஷின் விடியும்வரை ஓட வேண்டும். ஊருக்கு மின்சாரம் ஒரு டீசல் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. போன மழையில் பாலம் உடைந்து டீசல் லாரி ஒன்பது நாள் வரவில்லை. வாடகை சிலிண்டருக்காக அவளும் அண்ணியும் நாய் படாத பாடு பட்டார்கள். சூரிய மின்சாரம் வருகிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவளும் அவள்தான்.

கூட்டம் காலை பதினொரு மணிக்கு. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பொறியாளர் முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

"தேவைக்கு மேலயே உற்பத்தி பண்ணப் போறோம். வெள்ளிக்கிழமை கிரேன் வருது, பழைய ஜெனரேட்டரத் தூக்கிடலாம். கணக்கெடுத்தவங்க கையெழுத்து ஒன்னுதான் பாக்கி. போட்டுடுங்கம்மா."

"சார், மணிக் கட்டம் எங்க?"

பொறியாளர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பேனாவால் காதைக் குடைந்தார். "அது பேப்பர்ல அடங்கலம்மா. எல்லாக் கட்டமும் ஒரு பக்க அகலத்துக்குள்ள வரணும்னு மேல சொல்லிட்டாங்க. ஓரத்துல இருந்தத வெட்டிட்டேன்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஓரத்தில் இருந்ததாம். முதலில் 'வரிசை எண்' என்று ஒரு கட்டம், ஒன்று இரண்டு மூன்று என்று சும்மா எண்ணிக்கொண்டு போகிறது, அதை வெட்டத் தோன்றவில்லை. ஊரின் மாலைப்பொழுது முழுவதையும் கத்தரித்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

"அப்புறம் பேட்டரி எவ்வளவு வேணும்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

"ஒரு நாள் மொத்தத்த இருபத்துநாலு மணி நேரத்தால வகுத்தோம்," என்றார் பொறியாளர். "சராசரி தெரிஞ்சா போதுமே."

"எங்கண்ணன் சராசரியாவா சார் மூச்சு விடுறாரு?"

பொறியாளர் அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார். மேலே விசிறி சுற்றியது. அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"மத்தியானம் வர்ற கரண்ட வச்சுப் பூட்டுன வீட்டுக்கு வெளிச்சம் காட்டப் போறீங்களா? சோலார் பலகையக் கொஞ்சம் குறைங்க, பேட்டரியக் கூட்டுங்க. மில்லுக்காரர் பகல்லயே அரைக்கத் தயார், நான் கேட்டு எழுதியிருக்கேன். அதுவும் அந்தக் கட்டத்துலதான் இருந்துச்சு. பேட்டரி வர்ற வரைக்கும் ஜெனரேட்டர் இருக்கட்டும். டீசல நம்பி ஒன்பது நாள் செத்தோம். இப்ப வெயில நம்பித் தினமும் சாகணுமா?"

"ஆத்திரப்படாதீங்கம்மா. கையெழுத்துப் போடுங்க, அடுத்த வருஷம் திருத்திக்கலாம்."

"அடுத்த வருஷம் யாரு இருப்பா?"

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவள் காதில் விழுந்தது. அண்ணி காதில் விழாமல் போனதே என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

பைக்குள் கை விட்டு, கணக்கெடுத்தபோது வைத்திருந்த நோட்டை எடுத்தாள். கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்தைத் தொடவில்லை. குமாஸ்தாவின் மேசையிலிருந்த பசையையும் ஸ்கேலையும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். வெள்ளைத்தாளை நீளவாக்கில் கிழித்து, அறிக்கையின் முதல் பக்கத்து ஓரத்தில் ஒட்டிக் கோடு போட்டாள்.

"என்னம்மா பண்றீங்க? இது அரசாங்கக் கோப்பு!"

"கணக்கெடுக்குறேன் சார். அதுக்குத்தான சம்பளம்."

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒரு பக்கத்துக்கு முப்பது. முதல் தாளில் ஏழாவது வரி அண்ணனோடு அவள் இருக்கும் வீடு. 'மாலை ஆறு முதல் காலை ஆறு வரை' என்று அழுத்தி எழுதினாள். அடுத்த தாளைக் கிழித்தாள். பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். குமாஸ்தா ஒட்டிய பக்கங்களை உள்ளே மடித்துக் கோப்பை மூடப் பார்த்தார். பசை காயாத தாள்கள் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு, விசிறிக் காற்றில் படபடத்தன.