ஆறாவது வீடியோ

உச்சமுனைக் கரையில் படகு தட்டுமுன்பே முஹ்ஸின் கத்திக்கொண்டுதான் வந்தார்.

"கமீலா, கண்டன். கறுப்பா ஒண்டு. பக்கத்தில சின்னதா இன்னொண்டும் இருந்த மாதிரி."

"எந்த வீடியோவில நானா?" என்று கேட்டாள் கமீலா. அண்ணனை அழைப்பதுபோல் அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"அது தெரியா. வெயில் திரையில அடிச்சிட்டு."

களப்பின் ஆழமில்லாத உப்புநீரில் கடற்பசு இன்னும் மேய்கிறதா என்று தேடும் குழுவில் ட்ரோன் பறக்கவிடுவது முஹ்ஸின். அது பிடித்துவரும் படங்களுக்குப் பொறுப்பு அவள். இத்தனை வாரமும் கடற்புல்லையும் ஆமைகளையும் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. இன்றைக்குக் குட்டியோடு ஒன்றா?

உடனே திறந்து பார்க்கத்தான் கை பரபரத்தது. ஆனால் காற்று எழும்பத் தொடங்கிவிட்டது. ட்ரோனுக்கு இருந்த இரண்டு மெமரி கார்டுகளில் ஒன்று காலையில் தண்ணீருக்குள் போய்விட்டதால், வீடியோக்கள் இருந்த மற்றதை வெறுமையாக்கிக் கொடுத்தால்தான் முஹ்ஸின் மறுபடி பறக்கவிடலாம். படகுக்காரர் யாகப்புவின் வாடிக்குள், வலைகள் கிடந்த ஓலைக்குடிசைக்குள், மடிக்கணினியை வைத்து வேலையைத் தொடங்கினாள்.

முதலில் கார்டில் இருந்த ஒவ்வொரு வீடியோவுக்கும் அதன் அடையாள எண்ணைக் கணக்கிட்டாள். அறுபத்துநான்கு எழுத்துக்களும் இலக்கங்களும் கலந்த நீண்ட வரி அது. கோப்பில் அணுவளவு மாறினாலும் வரி முழுக்க மாறிவிடும். பிறகு எல்லாவற்றையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, பிரதிகளின் வரிகளும் அதேதானா என்று ஒப்பிடக் கறுப்புத் திரையில் sha256sum -c என்று தட்டினாள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓகே, ஓகே என்று விழுந்துகொண்டு வந்தது. ஆறாவதில் மட்டும் FAILED.

"நானா, கார்டை அழிக்கேலா. ஒண்டு சரிவரல்ல."

முஹ்ஸின் குனிந்து அந்தப் பிரதியைத் திறந்தார். பச்சைத் தண்ணீரும் கடற்புல்லும் தெளிவாக ஓடின.

"நல்லாத்தானே ஓடுது? அந்த ரெண்டும் இன்னம் அங்கதான் நிக்கும். காத்து வரமுன்ன நான் போகோணும்."

"ஓடுறது வேற, ஒரேமாதிரி இருக்கிறது வேற. இதில எங்கயோ பழுது. நீங்க பாத்தது அந்த இடத்தில இருந்தா?"

முஹ்ஸின் காற்றைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார்.

"சரி. கெதியாச் செய்."

அவள் ஹார்ட்டிஸ்க்கின் கேபிளைக் கழற்றினாள். முனையில் உப்புப் பூத்திருந்தது. பையிலிருந்த புதிய கேபிளை மாட்டி, பழுதான பிரதியை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு ஆறாவதை மட்டும் மறுபடி பிரதி எடுத்தாள். பச்சைக்கோடு ஆமைபோல நகர்ந்தது. யாகப்பு வலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார். மறுபடி தட்டினாள்.

ஓகே.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் முஹ்ஸின். "இப்ப திற."

புல்வெளி, வெறும் மணல், மறுபடி புல்வெளி. பிறகு மண்ணைக் கலக்கிக்கொண்டு சாம்பல்நிற முதுகு ஒன்று மெல்ல மேலே வந்தது. அதன் தோளோடு ஒட்டிக்கொண்டு குட்டி. தாய் மூச்செடுத்தது. குட்டியும் அவசரமாக மூக்கை நீட்டி மூச்செடுத்துவிட்டுத் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தது.

"மிஸ், அது பால் குடிக்குது" என்றார் யாகப்பு. வலையில் செத்த கடற்பசுவைச் சின்னவயதில் கண்டிருக்கிறார். உயிரோடு, அதுவும் குட்டியோடு, இதுதான் முதல்தடவை.

கமீலா பழைய பிரதியில் அதே இடத்துக்குப் போனாள். அங்கே சாம்பல் கட்டங்கள் நடுங்கின, படம் ஒரு துள்ளுத் துள்ளி வெறும் தண்ணீரில் போய் நின்றது. தாயுமில்லை, குட்டியுமில்லை. முஹ்ஸின் கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டினார்.

"பறக்கப் போகல்லயா நானா?"

"இண்டைக்கு இது போதும். இன்னொருக்காப் போடு, பாப்பம்."

அதற்குள் யாகப்பு வாசலில் நின்று பக்கத்து வாடிகளைக் கூப்பிட்டுவிட்டார். ஈரக் கைகளோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். கமீலா மடிக்கணினியை ஒரு மீன்பெட்டிமேல் தூக்கிவைத்து, எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினாள்.