பதினாறில் ஒன்று

கடலைக்காட்டில் களை வெட்டப் போன சௌந்திரம், எட்டு மாதக் குழந்தை சாரதாமணியை வேப்பமரக் கிளையில் தூளி கட்டிப் போட்டிருந்தாள். நிழல் நகர்ந்து குழந்தையின் முகத்தில் வெயில் விழுந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கன்னமும் முன்கையும் கொதிதண்ணீர் ஊற்றியதுபோலக் கொப்புளித்துவிட்டன. அது 1976ஆம் வருஷம், ஆவணி மாதம்.

"ஒரு புள்ளையப் பாத்துக்கத் தெரியலீன்னா காட்டு வேல எதுக்கு?" என்று அவள் புருஷன் சின்னுசாமி கத்தினான். தன் தப்பு என்றுதான் சௌந்திரமும் நினைத்தாள்.

கொப்புளம் ஆறியது. ஆனால் இரண்டு வயதுக்குள் சாரதாமணியின் முகம், கழுத்து, கை எல்லாம் எள் இறைத்ததுபோலக் கரும்புள்ளிகள். வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுவாள். மல்லசமுத்திரம் சந்தைக்கு வந்த ஒரு நாட்டு வைத்தியர் எண்ணெய் ஒன்றைக் காய்ச்சிக் கொடுத்து, அதைப் பூசி தினமும் காலை வெயிலில் உட்கார வைக்கச் சொன்னார். ஒரு மண்டலம். சௌந்திரம் ஒரு நாள்கூட விடவில்லை. குழந்தை திமிறத் திமிற மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் வாசலில் உட்கார்ந்தாள். புள்ளிகள் கூடின. "பத்தியம் சரியா இருந்திருக்காது" என்றார் வைத்தியர்.

நான்காம் வயதில் தொழுநோய்க் கணக்கெடுக்க வந்த ஆள், சாரதாமணியின் கையைப் பிடித்து அங்கங்கே பேனா முனையால் தொட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்தது. "இது அது இல்லீங்க, பயப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது சௌந்திரத்துக்கு மட்டும்தான் கேட்டது. அவர் கையைப் பிடித்துப் பார்த்ததை ஊரே பார்த்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார், மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்கிறார்கள் என்றார்.

"அந்த நோவு இல்லீன்னு வந்தவரே சொல்லிப்போட்டாருங்க."

"எழுதிக் குடுத்தாராம்மா?"

எழுதிக் கொடுக்கவில்லை. இல்லாத நோய்க்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தோல் டாக்டரம்மா இருப்பதாகப் பஸ்ஸில் யாரோ சொல்லிக் கேட்டு, 1981 தை மாதத்தில் சௌந்திரமும் சின்னுசாமியும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா சாரதாமணியை ஜன்னல் பக்கம் திருப்பினார். அவள் கண்ணை மூடியதைப் பார்த்ததும் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டார். ஐந்து வருஷத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமாங்க. இவரு எங்கம்மாவோட அண்ணன் மகனுங்க."

டாக்டரம்மா தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் படம் ஒன்றைக் காட்டினார். ஏதோ நாட்டுக் குழந்தை. அதன் முகத்திலும் அதே புள்ளிகள். கீழே நீளமாக இருந்த நோயின் இங்கிலீஷ் பேரைப் படித்துக் காட்டினார்.

"நம்ம தோல் முழுக்கச் சின்னச் சின்னச் செல்லும்மா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் நீளமா ஒரு சங்கிலி இருக்கு. டி.என்.ஏ.ன்னு பேரு. அந்தச் செல் எப்படி வளரணும், எப்ப நிக்கணும்னு அதுலதான் இருக்கு. வெயில் பட்டா அந்தச் சங்கிலியில பக்கத்துப் பக்கத்துக் கண்ணி ரெண்டு ஒட்டிக்கும். உங்களுக்கும் ஒட்டுது, எனக்கும் ஒட்டுது. ஆனா ஒட்டின துண்டைக் கண்டுபிடிச்சு, வெட்டி எடுத்துட்டு, புதுசு கோத்து வைக்கிற ஏற்பாடு செல்லுக்குள்ளயே இருக்கு. அதனாலதான் நாம வெயில்ல நடமாட முடியுது. இவளுக்கு அந்த வெட்டி எடுக்கிற வேலை நடக்கறதில்ல. பழுது அப்படியே சேருது. சேரச் சேர, எப்ப நிக்கணும்கிறது செல்லுக்குத் தெரியாமப் போயிடும். அப்பத்தான் கட்டி வரும். புற்றுநோய்."

"அதுக்கு மருந்து எழுதுங்க" என்றான் சின்னுசாமி.

"மருந்து இல்லைங்க. வெயில் படாம வச்சுக்கறது ஒண்ணுதான்."

"எத்தன நாளைக்கு?"

"எப்பவும்."

சௌந்திரத்துக்கு ஆத்திரம் பொங்கியது. "பேரு தெரியுது, காரணம் தெரியுது, உள்ளுக்குள்ள எது கெட்டுப்போச்சுன்னுகூடத் தெரியுது. மருந்து மட்டும் தெரியாதுங்களா?"

"தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "எங்கயும் இல்ல."

பிறகு மெதுவாக விளக்கினார். அந்த ஏற்பாட்டுக்கான குறிப்பு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டாக வருமாம். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இவர்கள் இருவரிடமும் கெட்டது ஒவ்வொன்று இருக்கிறது. ஒரே பாட்டனிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ இறங்கியது. சாரதாமணிக்கு இரண்டுமே கெட்டதாக வந்துவிட்டது. அடுத்த குழந்தைக்கும் வருவதற்கு நாலில் ஒரு பங்கு உண்டு.

"நாப்பத்தெட்டு நாளு வெயில்ல உக்கார வெச்சனுங்க" என்றாள் சௌந்திரம்.

டாக்டரம்மா புத்தகத்தை மூடி வைத்தார். "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றார். அந்த வார்த்தை சௌந்திரத்துக்கு எதற்கும் உதவவில்லை.

ஊருக்கு வந்ததும் அவள் ஜன்னல்களுக்குக் கெட்டித் துணி தைத்துப் போட்டாள். துணியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும், வெளிச்சம் ஊடுருவினால் அது போதாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சின்னுசாமியின் வேட்டிகளை இரட்டையாக மடித்துத் தலையும் கழுத்தும் மூடும்படி ஒரு முக்காடு தைத்தாள். பொழுது விழுந்த பிறகுதான் சாரதாமணி வாசலுக்கு வருவாள். அந்த ஒரு மணி நேரத்தில் பகல் முழுவதற்கும் சேர்த்து ஓடித் தீர்ப்பாள். சௌந்திரம் காட்டு வேலையை விட்டாள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அதற்கு அப்புறம் சின்னுசாமி அவளிடம் அதிகம் பேசுவதில்லை.

அவன் முழுதாக நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "இத்தன தலக்கட்டு வெயில்லதான் பொழச்சுது. இவளுக்கு மட்டும் வெயிலு ஆகாதாமா?" என்பான். அப்புறம் அவனே போய் ஜன்னல் துணியைச் சரியாக இழுத்துவிடுவான்.

1983 ஆவணியில் சௌந்திரத்தின் தங்கை கண்ணாத்தாளுக்குப் பேச்சு எடுத்தார்கள். மாப்பிள்ளை தங்கமுத்து, சின்னுசாமியின் தம்பி. போர்வெல் போடும் ரிக் லாரியோடு ஆந்திரா, ஒரிசா என்று போய்வருகிறவன். இரண்டு குடும்பத்துக்கும் மனசுக்குப் பிடித்த சம்பந்தம். கண்ணாத்தாளுக்கும் அவன்மேல் ஆசை.

சௌந்திரம் மறுநாள் தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினாள்.

"அவங்க ரெண்டு பேருகிட்டயும் அந்தக் கெட்டது இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

"அதைப் பாக்கற சோதனை இங்க இல்லம்மா."

"மெட்ராஸ்ல?"

"அங்கயும் இல்ல." டாக்டரம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டார். "உங்க தங்கச்சிகிட்ட இருக்கறதுக்குப் பாதிக்குப் பாதி. அவர் தம்பிக்கும் அப்படித்தான். ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா, பிள்ளைக்கு வர்றது நாலுல ஒண்ணு. மொத்தத்துல பதினாறுல ஒண்ணு."

"அப்பறம் கட்டலாமா, கூடாதா?"

"அதை அவங்கதான் முடிவு பண்ணணும்."

"டாக்டரு நீங்க ஒரு வார்த்த கூடாதுன்னு சொல்லிப்போட்டா, எங்கப்பன் கேட்டுக்குவாருங்க."

"தெரியாததைத் தெரியும்னு எப்படிம்மா சொல்றது?"

கடைசியில் டாக்டரம்மா நாலு வரி எழுதிக் கொடுத்தார். சௌந்திரம் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்து அப்பா சின்னண்ணனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்தார்.

"'வர வாய்ப்பு உண்டு'ன்னுதானே போட்டிருக்குது. வரும்னு எங்க போட்டிருக்குது?"

"பதினாறுல ஒண்ணுங்கப்பா."

"அப்ப பதினஞ்சு நல்லதுதானே, சாமி? வெளியில கட்டிக்குடுத்தா மட்டும் எல்லாம் நல்லா இருக்குமுன்னு யாரு சொன்னா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் சௌந்திரத்துக்குத் தாங்கவில்லை. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. சாரதாமணியின் முகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தி, இதுதான் அந்த ஒன்று என்று கத்த வேண்டும்போல இருந்தது. உள்ளே இருந்த கண்ணாத்தாள் வெளியே வந்தாள்.

"நீ சொந்தத்துல கட்டிக்கிட்டே. எனக்கு மட்டும் கூடாதாக்கா? உன்ற புள்ளைக்கு வந்துதுன்னா என்ற புள்ளைக்கும் வரோணுமா?"

"வரக்கூடாதுன்னுதான்டி சொல்றேன்!"

"சொல்ற மாதிரி இல்ல. சாபம் உடற மாதிரி இருக்குது."

தை மாதம் முகூர்த்தம் நடந்தது. சௌந்திரம் போய் நின்று தாலிக்கு அட்சதை போட்டுவிட்டு வந்தாள். அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருஷ ஐப்பசியில் சாரதாமணியின் கீழ் உதட்டில் பட்டாணி அளவு புண் ஒன்று கிளம்பி, ஆறாமல் நின்றது. எட்டு வயதுதான். சேலத்தில் வெட்டி எடுத்தார்கள். அனுப்பிய சதையில் புற்றுநோய்தான் என்று முடிவு வந்தது. முழுதாக எடுத்தாகிவிட்டது, ஆனால் முதல் ஐந்து வருஷம் பட்ட வெயில் உள்ளே இருக்கிறது, இன்னும் வரலாம் என்றார் டாக்டரம்மா. தையல் போட்ட உதட்டோடு சாரதாமணி, "இனி வெயில்லயே போகலீன்னாலுமா?" என்று கேட்டாள்.

அதே மாதம் கண்ணாத்தாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஊரே சௌந்திரத்தின் காதில் விழும்படி பேசியது. குழந்தை வாசல் வெயிலில் எண்ணெய்க் குளியல் குளித்ததாம், ஒரு கொப்புளம் இல்லையாம். சௌந்திரத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதோடு, இனித் தன் பேச்சை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

அது அப்படியே ஆயிற்று. மறு வைகாசியில் கோயிலில் பையனுக்குக் காது குத்து. பகல் பதினோரு மணிக்கு. "சாரதாவையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பு" என்றான் சின்னுசாமி.

"அவ வரமாட்டா. நானும் வர்ல."

"முக்காடு போட்டுக்கட்டும். ஒரு நாளுதானே? அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. டாக்டரு சொன்னதெல்லாம் நடந்துருச்சா?"

"இவ உதட்டுல நடந்துதே, அது உங்களுக்குப் பத்தாதா?"

அவன் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கினான். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போனான். சாரதாமணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புதுப் பாவாடையை அவிழ்க்க மாட்டேன் என்றாள்.

சாயங்காலம் கண்ணாத்தாள் வந்தாள். தனியாக, கையில் பையனோடு. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அக்காள் வீட்டுப் படி ஏறுகிறாள். சாரதாமணி பையனை வாங்கிக்கொண்டு இருட்டிய வாசலுக்குப் போனாள்.

கண்ணாத்தாள் உட்காரவில்லை. "இவனை மொத ஆறு மாசம் நான் வெயில்ல காட்டவே இல்லக்கா. எண்ணெய் தேச்சு வாசல்ல குளிக்க வெச்சேன்னு சொன்னதெல்லாம் சும்மா. யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்பறம் ஒரு நாளு கொஞ்ச நேரம் காட்டிட்டு, மூணு நாளா ஒறங்காம கன்னத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

சௌந்திரத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அத அன்னிக்கே வெளிய சொல்லியிருந்தீன்னா, ஊருல என்னைய இப்படிப் பேசியிருப்பாங்களாடி?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

கண்ணாத்தாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "மூணு மாசம் ஆகுதுக்கா" என்றாள். "இவன் நல்லா இருந்தா அடுத்ததும் நல்லா இருக்குமா?"

"இல்ல. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி."

"இப்பவே பாத்துச் சொல்ல முடியாதா?"

"முடியாது. நாலு வருசமா நானும் கேக்கறேன், முடியாதுங்கற பதிலுதான்."

வாசலில் பையன் சிரிக்கும் சத்தம் கேட்டது. சௌந்திரம் தங்கையின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். வெளிச்சத்தில் கண்ணில் தண்ணீர் வருகிறதா. சிவந்த தோல் மறுநாள் தணியாமல் மேலும் சிவக்கிறதா. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்ன ஆகிறது. கண்ணாத்தாள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.